வராதவர்களைத் தேடிய செல்வராணி

திங்கட்கிழமை காலை, பம்பாய் செம்பூரில் எங்கள் வாத நோய்ப் பிரிவில் முதல் நோயாளியின் மணிக்கட்டை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜெயாவின் அழைப்பு வந்தது. "டாக்டர், அம்மா போயிட்டாங்க. விடிஞ்சதும் மூச்சு வாங்குச்சு. டாக்ஸி வர்றதுக்குள்ள..."

ஜெயாவின் தாயார் செல்வராணி அவர்கள் மருத்துவரும் அல்லர், செவிலியரும் அல்லர். எங்கள் முடக்குவாத நோயாளிகளின் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டவர். யாருக்கு எந்த மருந்து, எப்போது தொடங்கியது, எத்தனை மூட்டுகளில் வீக்கம், பிறகு என்ன ஆயிற்று என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை விசாரித்து எழுதுவதே அவர் வேலை. அவருக்கும் அதே நோய்தான். தாராவியிலிருந்து நோயாளியாக வந்தவர். விரல்கள் கோணிப்போனதால் தையல் வேலையை விட்டிருந்தார். கணினியில் இரண்டே விரல்களால் தட்டுவார். ஆனால் ஒரு பெயரையும் தவறவிட்டதில்லை.

அவர் வேலையில் சேர்ந்த புதிதில், வராமல்போனவர்களின் பெயருக்கு எதிரே 'நின்றுவிட்டார்' என்று போடச் சொன்னேன். அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"வராதவங்க எல்லாம் சொகமாயிட்டாங்கன்னு நீங்களா நெனச்சுக்கிடுதீய, டாக்டர். ஒரு போன் போட்டுக் கேட்டாத்தான் என்ன?"

கேட்டார். எண் மாறியவர்களுக்குப் பக்கத்து வீட்டு எண்ணைத் தேடிப் பிடித்தார். கோவண்டிக்கும் பாண்டுப்புக்கும் நேரிலேயே போனார்.

அப்போது ஒரு புதிய மாத்திரை வந்திருந்தது. படுத்த படுக்கையாக இருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. உடலின் நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து என்பதால் தொடங்கும் முன் எல்லோருக்கும் காசநோய்ப் பரிசோதனை செய்தோம். சுத்தமாக இருந்தது. அதோடு எங்கள் கவலை தீர்ந்தது.

ஒரு பிற்பகல் செல்வராணி அவர்கள் ஒரு காகிதத்துடன் என் அறைக்கு வந்தார். அதில் மூன்று பெயர்கள். மூவரும் தாராவிக்காரர்கள், மூவரும் அந்த மாத்திரையில் இருப்பவர்கள், மூவரும் எங்களிடம் வருவதை நிறுத்தியவர்கள்.

"மூணு பேருக்கும் சாயங்காலமானா காய்ச்சல் வருதாம். உடம்பு இளைச்சுட்டு வருதாம். அங்கங்க பக்கத்து டாக்டர்ட்ட காட்டுதாங்க. எனக்கு மனசுக்குச் சரியாப் படல."

"பம்பாயில் யாருக்குத்தான் காய்ச்சல் இல்லை?" என்றேன். வெளியே இன்னும் நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

காகிதத்தை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் அதில் இன்னொரு பெயரைத் தம் கையாலேயே எழுதிச் சேர்த்தார். அதற்கடுத்த வாரம், முதல் பெயருக்கு எதிரே 'இறந்துவிட்டார்' என்று எழுதினார். இறந்தவர் தோல் பட்டறையில் வேலை பார்த்த முருகையா. எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்பது அவருக்குக் காய்ச்சல் பார்த்த மருத்துவருக்குத் தெரியாது; அவருக்குக் காய்ச்சல் என்பது எங்களுக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்தவர் செல்வராணி ஒருவர்தான்.

அன்றே அந்த மாத்திரை சாப்பிட்ட அனைவரையும் அழைத்தோம். காகிதத்திலிருந்த மற்ற மூவருக்கும் காசநோய். தொடக்கத்தில் சுத்தமாக இருந்தவர்களுக்கு, நெருக்கமான சந்துகளில் பிறகு தொற்றியிருக்க வேண்டும். மாத்திரையை நிறுத்திச் சிகிச்சை கொடுத்தோம், மூவரும் பிழைத்தார்கள். அதன்பின் அந்த மருந்தில் இருக்கும் எல்லோரிடமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை காய்ச்சலும் எடையும் கேட்காமல் விடுவதில்லை. செல்வராணி என்னிடம் ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. "முருகையா பொண்டாட்டிகிட்ட நீங்க ஒருக்கா பேசுங்க" என்றார். பேசினேன். அதைவிடக் கடினமான எதையும் நான் பேசியதில்லை.

செல்வராணி அவர்கள் இறந்த செய்தி வந்த அன்று மதியம், அவருடைய சொந்தப் பக்கத்தைத் திறந்தேன். அவரும் எங்கள் நோயாளி அல்லவா? தம்மைப் பற்றியும் ஒரு தவணை விடாமல் எழுதியிருந்தார். 'படியேறினால் மூச்சு வாங்குகிறது.' மூன்று மாதம் கழித்து, 'பாதிப் படியிலேயே உட்கார வேண்டியிருக்கிறது.' பிறகு, 'வறட்டு இருமல்.' பிறகு, 'படுத்தால் மூச்சு முட்டுகிறது.' மூட்டுகளோடு நிற்காத நோய் அது; நுரையீரலையும் மெல்ல மெல்ல இறுக்கியிருக்கிறது. ஒவ்வொரு பதிவின் கீழும் பார்த்ததாக என் பெயர் பதிவாகியிருந்தது. தினமும் காலையில் "நல்லாருக்கீங்களா?" என்று கேட்டேன், "இருக்கேன் டாக்டர்" என்றார். அந்தப் பதிலோடு நின்றுவிட்டேன். எழுதியதை நான் படிப்பேன் என்று அவர் நம்பியிருக்கிறார்.

ஜெயாவிடம் அதைச் சொன்னேன். "அம்மா எழுதினத யாராவது படிப்பாங்கன்னுதான எழுதினாங்க" என்றார்.

மாலை மயானத்துக்குப் பதிவேட்டிலிருந்த பலர் வந்திருந்தார்கள். ஊன்றுகோலோடு வந்தவர்கள், மகன் தோளைப் பிடித்து வந்தவர்கள். கடைசியாகக் கும்பிட வேண்டிய நேரத்தில் வளைந்த விரல்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. சேர்ந்தவரைக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

செல்வராணி அம்மா, எங்களை மன்னிக்க வேண்டும் என்று கேட்கும் தகுதி எனக்கில்லை. போய் வாருங்கள்.