லெக் – ஒன்று: மணலி புதுநகருக்கு ஒரு சரக்குப் பெட்டியைத் தேடி

இந்த வலைப்பதிவில் நான் வழக்கமாக எழுதுவது இருநூறு ரூபாய்க்குள் முடிகிற ஒருநாள் பயணங்களை. இதுவும் ஒருநாள் பயணம்தான். ஆனால் இருநூறில் முடியவில்லை. போய்ப் பாருங்கள் என்று யாரையும் கூப்பிடவும் மாட்டேன். வளைகுடாவில் ஆள் செத்துப்போய், அவன் சாமான் மட்டும் கப்பலில் வந்து சேர்கிற வீடுகள் வியாசர்பாடியில் எனக்குத் தெரிந்தே நான்கு. எங்கள் வீடு ஐந்தாவது. ஆறாவது வீட்டுக்காரர்கள் எங்களைப்போல் விழிக்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

என் அண்ணன் பாஸ்கர் கட்டட வேலையில் சாரம் கட்டுகிறவன். வயது முப்பத்து நான்கு. தூக்கத்தில் மாரடைப்பு என்று கம்பெனி கடிதம் சொன்னது. பன்னிரண்டு நாள் கழித்து விமானத்தில் உடல் வந்தது. பெட்டியைத் திறக்க வேண்டாம், நாளாகிவிட்டது என்று ஆம்புலன்ஸ்காரர் சொன்னார். மூடியில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாக முகத்தை மட்டும் பார்த்தோம். அப்படியே கொண்டுபோய்ப் புதைத்தோம்.

இரண்டு மாதம் கழித்து அவன் சாமான்கள் கப்பலில் வந்தன. இரண்டு அட்டைப்பெட்டி. அறையில் உடனிருந்த முனுசாமி கட்டி அனுப்பியிருந்தான். துறைமுகத்தில் இறங்கி, மணலி புதுநகர்ப் பக்கம் ஒரு தனியார் சரக்குக் கிடங்குக்குப் போய்விட்டன. வெளிநாட்டுச் சாமானைச் சுங்கத்துறை பார்த்து முடிக்கும்வரை இப்படிக் கிடங்குகளில்தான் வைத்திருப்பார்கள். இறந்தவர் பயன்படுத்திய சாமான் என்றால் வரி கிடையாது. தூதரகச் சான்றிதழ் இருந்தால் போதும். அது எங்களிடம் இருந்தது. அதனால் ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று நினைத்தோம்.

போன வாரம் சனிக்கிழமை அண்ணிக்கு சாதிக் பாய் போன் செய்தார். ராயபுரத்துக்காரர். சுங்க ஏஜெண்டு ஒருவரிடம் வேலை பார்க்கிறார், எங்கள் காகிதங்களை அவர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். அண்ணி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"தங்கச்சி, மச்சானுக்கு கால் இல்லைன்றதுக்கு ஆஸ்பத்திரி சர்டிபிகேட் எதனா கீதா?"

அண்ணி கேட்டாள், "எந்தக் கால் பாய்?"

முனுசாமி அனுப்பிய பட்டியலில், இரண்டாவது பெட்டியில், 'லெக் – ஒன்று' என்று ஆங்கிலத்தில் இருந்ததாம். செத்தவர் சாமானில் கால் என்றால் செயற்கைக் காலாகத்தான் இருக்கும், அதற்குச் சிக்கலும் வராது என்று சாதிக் பாய் நல்லெண்ணத்தில் 'செயற்கைக் கால்' என்றே படிவத்தில் ஏற்றிவிட்டார். அதிகாரி மருத்துவச் சான்று கேட்டு நிறுத்திவிட்டார்.

முனுசாமிக்குப் போன் அடித்தோம். வேறு சைட்டுக்கு மாற்றியிருந்தார்கள். மூன்று நாளாக மணியே போகவில்லை. அந்த மூன்று நாளும் அண்ணி ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். "பொட்டிய தெறக்க வுடல இல்ல? இதுக்குத்தான் தம்பி. கால் போயிருக்குது, அத்த மறச்சிட்டானுங்க. எப்போ போச்சோ, எம்மாம் வலிச்சுதோ, எனக்குத் தெரியாது." கிடங்குக்கு நானும் வருவேன் என்றாள். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை 7.20க்குக் கிளம்பினோம். வியாசர்பாடியிலிருந்து கொருக்குப்பேட்டை ரயில் நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். அங்கிருந்து கும்மிடிப்பூண்டி வண்டி 8.05க்கு வந்தது. டிக்கெட் ஐந்து ரூபாய். பதின்மூன்று நிமிடத்தில் திருவொற்றியூர். எதிர்ப்பக்கம் நகரத்துக்குள் போகிற வண்டிகளில் ஆள் தொங்கிக்கொண்டிருப்பார்கள். நம் பக்கம் உட்கார இடம் கிடைக்கும்.

நிலையத்துக்கு வெளியே டீக்கடையில் சாதிக் பாய் காத்திருந்தார். ஐம்பது வயது, கையில் பிளாஸ்டிக் கோப்பு, சட்டைப்பையில் நான்கு பேனா. அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் என்னிடமே பேசினார்.

"நைனா, நான் இன்னா பண்ணுவேன்? சாமானுக்கெல்லாம் ஒரு நம்பர் கீது. எட்டு இலக்கம். போனுக்கு ஒரு நம்பரு, சார்ஜருக்கு வேற நம்பரு, போன் மேல போடுற உறைக்கு அப்பால ஒரு நம்பரு. நம்பரு மாறுனா வரி மாறும். சில சாமான் கூடவே ஒரே டப்பாவுல வந்தா, மெயின் சாமான் நம்பர்லயே பூடும். அதுவே தனிப் பொட்டியில வந்துதுன்னு வையி, நீ யாரு, உன் பேரு இன்னான்னு தனியா நிக்க வச்சிக் கேப்பான். லெக்குன்னு தனியா வந்துச்சு. நான் ஒரு பேரு வச்சேன்."

"கேட்டுட்டு வச்சிருக்கலாம் இல்ல பாய்?" என்றேன்.

"கேட்டா அந்தப் பொண்ணு அழும்னு பயம்பா." டீயை ஒரே மடக்கில் குடித்தார். "இப்போ மட்டும் இன்னா, சிரிக்குதா?"

திருவொற்றியூரிலிருந்து கிடங்குக்கு ஒன்பது கிலோமீட்டர். ஆட்டோ 220 ரூபாய். இருபது நிமிடத் தூரம், ஐம்பது நிமிடம் ஆனது. கண்டெய்னர் லாரிகள் இரண்டு வரிசையாக நின்றிருந்தன. ஓட்டுநர்கள் லாரிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்திருந்தார்கள். இந்தச் சாலையில் வந்தால் கைக்குட்டை கொண்டுவாருங்கள். முகத்தைத் துடைத்தால் கருப்பாக வரும். சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கி உச்சியில் பகலிலும் தீ எரிந்துகொண்டிருந்தது. சுற்றுலா எழுதுகிறவர்கள் வடசென்னை என்றால் கலங்கரை விளக்கத்தையும் மீன் சந்தையையும் படமெடுத்துப் போடுவார்கள். ஊருக்கெல்லாம் டி.வி.யும் பொம்மையும் போகிற வழி இது. இதை யாரும் படமெடுப்பதில்லை.

9.30க்கு வாயில். ஆதார் நகல் கொடுத்து நுழைவுச் சீட்டு வாங்க ஒரு மணி நேரம். பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்று காவலாளியிடம் கேட்டேன். "பொம்பளைங்க யாரும் வர்றதில்ல சார்" என்றார். அதுதான் பதில்.

அதிகாரி 11.40க்கு வந்தார். நாற்பது வயதுப் பெண். சத்தம் போடவில்லை, சிரிக்கவும் இல்லை. கிடங்கின் ஒரு மூலையில் எங்கள் இரண்டு பெட்டிகளும் இருந்தன. பக்கத்தில் கூரை உயரத்துக்கு யாருடையவோ குளிர்சாதனப் பெட்டிகள்.

"அந்தக் காலை முதல்ல எடுங்க" என்றார்.

சுமைதூக்கும் தொழிலாளி ஒருவர் பிளேடால் ஒட்டுநாடாவைக் கிழித்தார். பாத்திரம், தண்ணீர் சுடவைக்கும் கம்பி, ஒரு துணிமூட்டை, அதற்கடியில் அண்ணனின் பச்சை லுங்கியில் சுற்றிய ஏதோ ஒன்று. அண்ணி என் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. தொழிலாளி லுங்கியைப் பிரித்தார்.

உள்ளே உள்ளங்கை அளவில் கருப்பாக ஒரு பொருள். அதிலிருந்து நீளமாக ஒரு வயர்.

சாதிக் பாய் வாயைத் திறந்தார். "அட பாவி... பெடலு!"

"மெஷின் காலு பாய் இது," என்று தொழிலாளி சிரித்தார். "தையல் மெஷின்ல மிதிக்கிறது. இதுக்கா மூணு நாளா என்னை நவுத்தி நவுத்தி வைக்கச் சொன்னீங்க?"

முனுசாமி துபாய் போவதற்கு முன் கொருக்குப்பேட்டையில் ஒரு தையல்கடையில் காஜா போட்டுக்கொண்டிருந்தவன். தையல்காரர்களுக்குக் கையால் சுற்றுவது கை மெஷின், காலால் மிதிப்பது கால் மெஷின், மிதிக்கிற பெடல் வெறும் கால். மெஷினோடு பெட்டிக்குள் அடங்காத பெடலை அவன் இரண்டாவது பெட்டியில் வைத்தான். பட்டியல் ஆங்கிலத்தில் வேண்டும் என்றார்கள். கால் என்று நினைத்தான், லெக் என்று எழுதினான். அவ்வளவுதான்.

அண்ணி அப்படியே சிமெண்ட் தரையில் உட்கார்ந்தாள். "கால் கீது தம்பி," என்றாள். "ரெண்டு காலும் கீது அவருக்கு." சிரித்தாள். புதைத்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அதிகாரி படிவத்தில் ஒரு வரியை அடித்தார். "இது தையல் மெஷினோட துணைப்பொருள். மெஷின் முதல் பெட்டியில இருக்கு. ரெண்டும் ஒரே ஆளோடது, ஒண்ணாவே சேர்த்துடறேன்." பிறகு கேட்டார், "மெஷின் புதுசா, பழசா?"

"புதுசு மேடம்," என்றாள் அண்ணி, பெருமையாக. "எனக்கோசரம் வாங்கினது. போன வருஷமே வாங்கிட்டாரு. பிரிக்கவே இல்ல, ஊருக்கு வந்ததும் நீயே பிரின்னு சொல்லுவாரு."

சாதிக் பாய் அவள் காலை மிதித்தார். அவள் கவனிக்கவில்லை.

"புதுசுன்னா இந்த விலக்கு வராதும்மா. அவர் பயன்படுத்தின சாமானுக்குத்தான். புதுசா இருந்தா வரி போட்டு, தனியா எழுதணும். அவசரமில்ல, நல்லா பாத்துச் சொல்லுங்க."

அண்ணி பெடலைக் கையில் எடுத்தாள். அவள் ஏற்றுமதி உடை கம்பெனி ஒன்றில் பதினோரு வருடம் தைத்தவள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் பெடலில்தான் அவள் பிழைப்பு. விரலால் மேல்பக்கத்தைத் தடவினாள். ரப்பரில் கோடு கோடாகப் பிடிமானம் இருக்கும். கால் கட்டைவிரல் அழுத்துகிற இடத்தில் அந்தக் கோடுகள் இல்லை. வழுவழுவென்று குழிந்திருந்தது.

எழுந்து மெஷின் பெட்டிக்குப் போனாள். பிளேடை வாங்கி அவளே கிழித்தாள். ஊசிக்கு அடியில் இருந்த தகட்டைக் கழற்றினாள். நீலநிறப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து துணிமூட்டையை அவிழ்த்தாள். உள்ளே நீலத்துணிக் கீற்றுகள், இரண்டு விரல் அகலம், மூன்று விரல் அகலம். தொழிலாளர் சீருடைக் கால்சட்டைகளை உயரம் குறைத்தபோது வெட்டியெடுத்த விளிம்புகள். மூட்டை நிறைய. சிலவற்றில் பேனாவால் பெயரும் அறை எண்ணும் எழுதியிருந்தன, பாதி அண்ணனின் கையெழுத்து, மீதி துணி கொடுத்தவர்கள் எழுதியது.

"இன்னா அண்ணி?" என்றேன்.

"ரப்பர் இப்பிடித் தேயணும்னா தெனம் மூணு மணி, நாலு மணி நேரம் மிதிக்கணும். வருஷம் பூரா." மெதுவாகத்தான் பேசினாள். "ஒம்போதுக்கெல்லாம் படுத்துருவேன்னு சொல்லுவாரு. நானும், தூங்கட்டும், பேசுனா முழிச்சிப்பாருன்னு சீக்கிரம் போனை வச்சிருவேன்."

குளிர்சாதனப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு ஃபோர்க்லிஃப்ட் பின்பக்கமாக வந்து பீப் பீப் என்று கத்தியது.

"தூங்கல தம்பி உங்க அண்ணன்."

வெயிலில் பன்னிரண்டு மணி நேரம் சாரத்தின் மேல். பிறகு அறைக்கு வந்து அடுத்தவன் கால்சட்டையை வெட்டித் தைத்தல். கம்பெனி கடிதத்தில் இயற்கை மரணம் என்று இருக்கிறது. போன் உறைக்கு எட்டு இலக்க எண் கொடுக்கத் தெரிந்த உலகத்தில், ஒரு மனிதன் எத்தனை மணி நேரம் விழித்திருந்தான் என்று எழுத ஒரு கட்டம் கிடையாது. முப்பத்து நான்கு வயதில் இதயம் நிற்பது எந்த ஊர் இயற்கை? கேட்க ஆளில்லை. அந்த ஊர் அதிகாரிகள் கையெழுத்துப் போட்டார்கள், நம் ஊர் அதிகாரிகள் வாங்கிக் கோப்பில் வைத்தார்கள். நானும் அந்தக் கடிதத்தை நான்கு நகல் எடுத்தேன், ஒரு முறைகூடக் கேள்வி கேட்கவில்லை.

அதிகாரி மறுபடி கேட்டார். குரல் தணிந்திருந்தது. "என்னம்மா எழுதட்டும்?"

அண்ணி பெடலைக் கீழே வைத்தாள்.

"பழசு மேடம். நல்லாத் தேஞ்ச பழசு."

அதிகாரி 'பயன்படுத்தியது' என்று எழுதி, மெஷின், பெடல் இரண்டையும் ஒரே அடைப்புக்குறிக்குள் சேர்த்தார். வரி இல்லை.

கையெழுத்துகள் முடிய மூன்று மணி. நடுவில் வாயிலுக்கு எதிரே வண்டிக்கடையில் சாப்பிட்டோம். நெட்டுக்குப்பத்து அம்மா ஒருவர் நடத்துகிறார், மீன்குழம்புச் சாப்பாடு எழுபது ரூபாய். அண்ணி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "இன்னா பாய், பொண்ணைப் பட்டினி போட்டு இட்டாந்தியா?" என்று அந்த அம்மா சாதிக் பாயைத் திட்டிவிட்டு, கேட்காமலே அவள் இலையில் ஒரு வறுத்த கானாங்கெளுத்தியை வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

வீடு திரும்ப ஒரு குட்டியானைச் சரக்கு வண்டி பிடித்தோம். பதினைந்து கிலோமீட்டர், ஏற்றி இறக்க 900 ரூபாய். ஓட்டுநர் என் வயசுப் பையன். மணலி தாண்டியதும் கண்ணாடியில் பெட்டிகளைப் பார்த்துக் கேட்டான், "இன்னா மாமு, ஃபாரின் சாமானா? டி.வி. கீதா உள்ளே?"

நான் வாயெடுப்பதற்குள் அண்ணி சொன்னாள், "கால் கீது."

அவன் என்னைப் பார்த்தான். அதற்குப் பிறகு கொருக்குப்பேட்டை கேட் வரைக்கும் பாட்டுகூடப் போடவில்லை.

இப்படி ஒரு பயணம் உங்களுக்கு வராமலிருக்கட்டும். வந்தால்: இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, தூதரகச் சான்று ஒவ்வொன்றிலும் நான்கு நகல். தூதரகச் சான்றில் சாமான் பட்டியல் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கிடங்கில் நாளுக்கு நாள் வாடகை ஏறும், தள்ளிப்போடாதீர்கள். அங்கே சாமான் கட்டுகிற நண்பரிடம், ஒரு பொருளோடு கூட வருகிற துணைப்பொருளையும் அதே பெட்டியில் போடச் சொல்லுங்கள். முடியாவிட்டால், எதனுடையது என்று பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். தமிழில் தோன்றுவதைத் தமிழிலேயே எழுதி அனுப்பட்டும், இங்கே யாராவது ஆங்கிலமாக்கிக்கொள்ளலாம். பெண்கள் வந்தால் திருவொற்றியூர் ரயில் நிலையத்திலேயே கழிப்பறைக்குப் போய்விட்டு வரவும். பெட்டியைத் திறக்கும்போது வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் இருங்கள்.

மெஷின் இப்போது ஜன்னலோரம் இருக்கிறது. அண்ணி அதில் தைக்கிறாள். பெடலுக்குப் புது ரப்பர் மூலக்கொத்தளத்தில் நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கியும் கொடுத்தேன். மாற்றவில்லை. அண்ணன் கால் பெரியது, அவள் கால் சின்னது. அந்தக் குழியில் சரியாகப் பொருந்தாமல் வழுக்கிக்கொண்டே இருக்கிறது.

கடைசியாக ஒன்று. புதுசா, பழசா என்று கேட்பார்கள். உங்கள் ஆள் போனில் சொன்னதை நம்பிப் பதில் சொல்லாதீர்கள். கையில் எடுத்து, ஒரு முறை தடவிப் பாருங்கள்.