தட்டு திரும்பிய பக்கம்

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் பல்லேகலவில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து பாருங்கள். அந்தச் சாமான் இன்னும் மேசை மேல்தான் இருக்கிறது. யாரையும் நம்பவைக்க எனக்குத் தெம்பில்லை.

நானும் என் தங்கை கஜலட்சுமியின் புருஷன் யுகேஷும் சேர்ந்து செய்த சின்ன விண்கலம் அது. தகரம், பழைய பிரிண்டர் மோட்டர், ஒரு கம்ப்யூட்டர் போர்ட். வானத்தில் இருக்கும் உண்மையான கலம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்ற தகவல் இணையத்தில் வரும். வர வர, எங்கள் கலத்தின் அன்டெனாத் தட்டும் அதே பக்கம் திரும்பும். மச்சானுக்கு அதுதான் உயிர்.

மடுல்கெல்லவுக்கு வயரிங் வேலைக்குப் போனவர் மண்சரிவில் அகப்பட்டார். உடல் கிடைக்கவில்லை. எட்டாம் நாள் படையல் வைத்தே ஆகவேண்டும் என்று சொந்தக்காரர்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள்.

"பொணத்தக் கண்ணால பாக்காம படைக்க மாட்டேன் அண்ணே. அவரு இருக்காரு."

"இத்தன நாளா மண்ணுக்குள்ள யாரு இருப்பா? சும்மா இரு கஜா."

அவள் அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. போனவருக்குப் பிடித்ததை எல்லாம் வைப்பது எங்கள் வழக்கம். மீன் குழம்பு, சிகரெட், வெற்றிலை... பக்கத்தில் அந்தக் கலத்தையும் பிளக்கில் மாட்டி வைத்தேன். அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம்.

மாலை ஆறு ஐந்து.

கிர்ர்ர்...

கதவைத் திறந்தேன். கலத்தின் தட்டு வடக்கே, மடுல்கெல்லப் பக்கம் திரும்பியிருந்தது. வானத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக் குனிந்திருந்தது...

போனில் தகவலைப் பார்த்தேன். உண்மையான கலம் திரும்பியிருந்தது வேறு பக்கம்.

தட்டைக் கையால் திருப்பி வைத்தேன்.

கிர்ர்ர்... மறுபடியும் வடக்கு.

பிளக்கைப் பிடுங்கினேன்.

கிர்ர்ர்...

"அய்யோ, மச்சானோட ஆவி வந்திருச்சு! கும்பிடு கஜா!"

சூடம் கொளுத்தினோம். விழுந்து கும்பிட்டோம். அவள் மட்டும் நின்றுகொண்டே இருந்தாள்.

"அவரு கூப்பிடுறாரு அண்ணே. போய்ப் பாப்போம்."

"இருட்டிருச்சு. விடியட்டும்."

சத்தம் நிற்கவில்லை. ராத்திரி எப்போதோ, தானாக நின்றது.

மறுநாள் பகல் மச்சானை எடுத்தார்கள். இடிந்த கடை ஒன்றின் சுவர்களுக்கு நடுவே, உட்கார்ந்தபடி இருந்தார். ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் போவதற்குள் கஜாவும் வந்து நின்றாள்.

மண் சரிந்த அன்று அவர் சாகவில்லையாம். நேற்று ராத்திரிதான் உயிர் போயிருக்கிறது.

கஜா என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப நேத்து நாம யாரண்ணே கும்பிட்டோம்?"