அண்ணனோடு போன ஞாயிற்றுக்கிழமைகள்

என் அண்ணன் ஜீப் டிரைவர். விடியும் முன்னே போடியில் பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடுவான். சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவான். ஏலக்காய் எடுக்கப் போகும் அந்தப் பெண்களில் நானும் ஒருத்தி. வண்டியை நிறுத்திய கையோடு அவன் பிராந்திக் கடைக்குப் போய்விடுவான். மதினி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ராசிங்காபுரத்திலிருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு பக்கத்து வீட்டிலிருந்த நான்தான் அவனுக்குச் சோறு கொண்டுபோய் வைத்தேன். பாதி நாள் அது தொடாமல் காய்ந்து கிடக்கும்.

காய்ச்சலுக்கு ஊசி போடப் போன இடத்தில் ஒரு நர்ஸம்மாவிடம் இதைச் சொல்லி அழுதுவிட்டேன். "குடிய விட்டவங்க ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூடிப் பேசுறாங்க. சர்ச்சுக்குப் பின்னால இருக்கிற பள்ளிக்கூடத்துல. போய்ப் பாரு" என்றார்.

அந்த ஞாயிறு இடம் தெரியாமல் ஒரு டீக்கடையில் கேட்டேன்.

"குடிகாரங்க கூட்டமா? அந்தா, பிராந்திக் கடை வாசல்ல தெனம் நடக்குதே!" என்றான் ஒருத்தன்.

நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். முகம் எரிந்தது. திரும்பிவிடலாம் என்றுதான் நடந்தேன். வழியில், சர்ச்சுக்குப் பின்னால், பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு வகுப்பறையில் விளக்கு எரிவது தெரிந்தது. போய் எட்டிப் பார்த்தேன். சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி ஏழெட்டு ஆம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நரைத்த தலையோடு ஒருவர் எழுந்து வந்தார். டெய்லர் வேலை பார்ப்பவர் என்று பிறகு தெரிந்தது.

"யாருக்காக வந்திருக்க ஆத்தா?"

"எங்கண்ணனுக்காக. நான் வந்தது அவனுக்குத் தெரியாது."

"உக்காரு. ஆனா அவர இழுத்துட்டு வர எங்களால ஆகாது. அவரா வரணும். அதுவரைக்கும் நீ வரலாம்."

அன்றைக்குப் பேசியவர் மலையிலேயே தோட்டத்தில் குடியிருப்பவர். பேச்சில் மலையாளம் கலந்திருந்தது. "எம் மக என்னையக் கண்டா கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கும். இப்பம் ஒளியறதில்ல. எனக்கு அது மதி, அது போதும்" என்றார். யாரும் கைதட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான். ஆனால் அண்ணனைப் பற்றி வெட்கப்படாமல் நினைக்க எனக்கு அந்த அறையில்தான் முடிந்தது. தொடர்ந்து போனேன்.

யாரோ பார்த்துவிட்டு அண்ணனிடம் சொல்லிவிட்டார்கள்.

"என் மானத்த ஏலம் போடுறியா? எவன் தயவும் வேண்டாம். நானே விட்டுக் காட்டுறேன் பாரு" என்று கத்தினான்.

சொன்னபடியே அன்று கடைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. எனக்குச் சந்தோஷம். அதற்கடுத்த நாள் காலையில் மலை ஏறும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் ஜீப்பை ஓரம் கட்டினான். சாமி வந்தவன் போல ஸ்டியரிங்கைப் பிடித்த கை ஆடியது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"எல்லாரும் இறங்குங்க. என்னால ஓட்ட முடியல."

பெண்கள் இறங்கிப் பனியில் நடந்தார்கள். நான் மட்டும் நின்றேன். சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, "அந்தக் கூட்டம் என்னைக்கு ஆத்தா?" என்று கேட்டான்.

லோடு இறக்கிவிட்டு வந்த வண்டியில் அவனை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ரொம்ப நாள் குடித்தவர்கள் திடீரென்று தானாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் கடிந்துகொண்டு, படுக்க வைத்து மருந்து கொடுத்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் கூட்டத்துக்குப் போனோம்.

மாசக்கணக்கில் அவன் வாயே திறக்கவில்லை. தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். திருவிழா சமயத்தில் மறுபடியும் குடித்தான். அந்த ஞாயிறு வரமாட்டேன் என்று படுத்துக்கொண்டான். டெய்லர் வீட்டுக்கே வந்து, "வாங்க அண்ணே, நேரமாச்சு" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. எழுந்து போனான்.

மழைக்காலத்தில், மகளைப் பற்றிப் பேசிய அந்த மலைக்காரர் வருவது நின்றது. திரும்பக் குடிக்கிறார் என்று கேள்விப்பட்டோம். பிறகு ஒரு காலையில் அவர் செத்துப்போனார் என்று தகவல் வந்தது. கூட்டத்து ஆட்களை அண்ணன்தான் ஜீப்பில் ஏற்றிப்போனான். நானும் போனேன். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் அந்த மகள் பள்ளிக்கூடச் சீருடையோடு நின்றிருந்தாள். அண்ணன் பாடைக்குத் தோள் கொடுத்தான்.

அடுத்த ஞாயிறு கூட்டத்துக்குப் போனோம். அண்ணன்தான் முதலில் பேசினான்.

"நான் அவருக்குப் போன் பண்ணேன். எடுக்கல. விட்டுட்டேன். திரும்பத் திரும்பப் பண்ணியிருக்கணும்." பிறகு சொன்னான்: "அவரப் பொதைச்சிட்டு இறங்கி வரும்போது எனக்குக் குடிக்கணும்னு இருந்துச்சு. அவருக்காக அழுதுக்கிட்டே அதத்தான் நெனச்சேன். பயமா இருக்கு."

டெய்லர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்குந்தான் அண்ணே" என்றார்.

இப்போது போடிமெட்டில் டீ குடிக்க ஜீப் நிற்கும்போது அண்ணன் தள்ளி நின்று கூட்டத்து ஆள் யாருக்காவது போன் போடுவான். எடுக்கும்வரை விடமாட்டான். மதினி இன்னும் திரும்பி வரவில்லை. போனில் பிள்ளையோடு மட்டும் பேச விடுகிறாள். வேலைக்கு நேரமாகிறது என்று தெரிந்தும், அவன் பேசி முடிக்கும்வரை பெண்கள் ஜீப்பில் காத்திருக்கிறார்கள்.