போன் லாக்கரில் இருக்கும் நேரம்

எங்கள் கம்பெனியில் ஷிப்டுக்குள் நுழைவதற்கு முன் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டாகக் கட்டி, முனைகளில் பின் செருகுகிற வேலை எனக்கு. இதைப் படம் எடுத்து யாருக்காவது அனுப்பிவிடுவோமாம். யாருக்கு அனுப்புவேன், என் நாத்தனாருக்கா? சேர்ந்த புதிதில் இப்படிக் கேலி பேசிக்கொண்டேதான் லாக்கர் சாவியை இடுப்பில் செருகுவேன். அந்தக் கேலியெல்லாம் என் மகன் பதினொன்றாம் வகுப்பு படித்த வருடத்தோடு போயிற்று.

எங்கள் வீடு கவரைப்பேட்டையிலிருந்து உள்ளே தள்ளி, ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் காலனியில். ஏரிக்கு இந்தப் பக்கம் ஊர். என் அப்பா காலம் வரை ஊர்க்காரர்களின் நெல் வயலில்தான் எங்கள் ஜனங்களுக்கு வேலை. இப்போது அவர்கள் அறுவடைக்கு மெஷின் கூப்பிடுகிறார்கள், நாங்கள் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறோம். என் வீட்டுக்காரருக்கு வள்ளூர் அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை. ஒரே பையன். அரசு மேல்நிலைப் பள்ளி ஊருக்குள் இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகள், எங்கள் பிள்ளைகள், தொழிற்சாலை வேலைக்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து புதுவாயல் பக்கம் வாடகைக்கு இருப்பவர்களின் பிள்ளைகள், எல்லோரும் அங்கேதான் படிக்கிறார்கள்.

“மா, கணக்கு மிஸ் என்ன லீடரு ஆக்கிட்டாங்க” என்று அவன் வந்து சொன்ன நாளில் நான் கேசரி கிண்டினேன். என் பரம்பரையிலேயே முதல் லீடர். என்ன வேலை என்று கேட்டேன். வாத்தியார் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகை ஓரத்தில் எழுத வேண்டும், மறுபடியும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும் என்றான். நான் படித்த காலத்திலும் அதேதான். எல்லாப் பள்ளியிலும் இருக்கிற வழக்கம். அதனால்தானோ என்னவோ, ஒரு காலனிப் பையன் ஊர்ப் பையனின் பெயரை எழுதி அத்தனை பேர் முன்னால் பெருக்கல் குறி போட்டால் என்ன ஆகும் என்று மிஸ்ஸும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை, அவனும் யோசிக்கவில்லை.

ஒருநாள் ஒரு ஊர்ப் பையனின் பெயரை எழுதிக் குறியும் போட்டான். அன்று சாயந்திரம் ஏரிக்கரை மதகுக்குப் பக்கத்தில் இவனுக்காக நின்றிருக்கிறார்கள். அந்த ஊர்ப் பையன், அவனோடு ஒட்டிக்கொண்டு திரியும் இரண்டு மூன்று பேர். “எந்தக் கையால எங்க பேர எழுதின?” என்று கேட்டிருக்கிறான். என் பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே வளர்ந்தவன். வலது கையைக் காட்டியிருக்கிறான். மதகுக் கல்லின் மேல் அந்தக் கையை வைத்து மிதித்தார்கள். இரண்டு விரல் முறிந்துபோனது.

அந்த நேரத்தில் நான் கம்பெனியில் ஒயருக்குப் பின் செருகிக்கொண்டிருந்தேன். போன் லாக்கரில் அடித்து அடித்து ஓய்ந்திருக்கிறது. ஷிப்ட் முடிந்து வெளியே வந்து, கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடித்து, பக்கத்தில் இருந்தவளோடு சிரித்துப் பேசிய பிறகுதான் சாவகாசமாகப் போனைப் பார்த்தேன். அந்தச் சிரிப்பை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

புகார் கொடுத்தேன். ஊரிலிருந்து பெரியவர்கள் வந்து சமாதானம் பேசினார்கள். அந்தப் பையனின் அம்மாவும் வந்தார். “இன்னாமே, பசங்க வெளாட்டுல பட்டுச்சு. இதப் போயி ஸ்டேஷன் வரிக்கும் இஸ்துக்கினு போற” என்றார். “உங்க பையன் விரலக் கல்லு மேல வெச்சி நான் வெளாடட்டுமா?” என்று கேட்டேன். அதோடு எழுந்து போய்விட்டார். ஹெட்மாஸ்டர் தனியாகக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: “உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். டீசி வாங்கிக்கினு வேற ஸ்கூல்ல சேத்துடுங்க. பேஜாரு இல்ல.” என் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடிபட்டவன் ஊரை விட்டு ஊர் போக வேண்டும், அடித்தவன் அதே பெஞ்சில் காலை நீட்டி உட்கார வேண்டும், இதுதான் உங்கள் நியாயமா என்று சத்தம் போட்டேன். டீசி வாங்கவில்லை.

அடித்தவனைச் சிறுவர்களுக்கான வாரியத்துக்கு அழைத்துப் போனார்கள். பிறகு எங்கோ சித்தி வீட்டில் இருந்து படிக்கிறான் என்று கேள்வி. கூட நின்றவர்கள் ஹெட்மாஸ்டர் அறையில் வரிசையாக நின்று மன்னிப்புக் கேட்டார்கள், அடுத்த வாரமே வகுப்புக்கு வந்தார்கள். பள்ளியும் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். சாதியைக் காட்ட கையில் கலர் கயிறு கட்டி வந்தால் அறுத்தார்கள். புகார்ப் பெட்டி வைத்தார்கள். கணக்கு மிஸ் அந்தப் பெயர் எழுதுகிற வழக்கத்தையே ஒழித்துவிட்டார். காலைப் பிரார்த்தனையில் ‘சாதி, மதம், மொழி பார்த்து யாரையும் தாழ்வாக நடத்த மாட்டோம்’ என்று உறுதிமொழி வந்தது. அதை மைக்கில் வாசிக்க என் மகனையே நிறுத்தினார்கள். குரல் நன்றாக இருக்கிறதாம்.

அவன் மறுபடி பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு எனக்கு ஷிப்ட் என்பது வேறு விஷயமாகிவிட்டது. போனை லாக்கரில் வைத்துப் பூட்டும் நொடியிலிருந்து என் பிள்ளை உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. பின்னைச் செருகும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும், சரியாக உட்கார்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம். எனக்கு அது எலும்புச் சத்தமாகக் கேட்டது. ஒவ்வொரு ‘டிக்’குக்கும் ‘ஆண்டவரே, காத்துக்கொள்ளும்’ என்று மனதுக்குள் சொல்வேன். ஜெபம் வேலையாகி, வேலை ஜெபமாகி, எத்தனையோ ஒயர் ரிஜெக்ட் ஆயிற்று. சாயந்திரம் பஸ் ஏரிக்கரையைத் தாண்டும்போது மதகுப் பக்கம் பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொள்வேன். மூடினால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

அவனும் மாறிவிட்டான். சுவரில் முதுகு படாமல் சாப்பிட உட்கார மாட்டான். யாருடைய பெயரையும் சொல்ல மாட்டான், எல்லோரும் ‘அவன்’, ‘இவன்’தான். ப்ளஸ் டூ வந்தது. கொஞ்ச நாளில் அவன் சிரிக்க ஆரம்பித்தான். வகுப்பில் கூட்டாளிகள் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. யார் என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்ட அதே பையன்கள். எனக்குத் திக்கென்றது. ஆனாலும் பிள்ளைகள் பழசை மறந்து ஒன்றாகிவிட்டார்கள், பரீட்சை வரைக்கும் இப்படியே ஓடினால் போதும் என்று ஸ்தோத்திரம் சொன்னேன். அது என் பேராசை.

ஒருநாள் சூப்பர்வைசர் நேராக என் மேஜைக்கு வந்தார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அவர் நம்பரை மிஸ்ஸிடம் கொடுத்து வைத்திருந்தேன். “ஸ்கூல்லேர்ந்து போன். ஒடனே வரச் சொல்றாங்க” என்றார். லாக்கர் சாவி துளையில் நுழைய மறுத்தது, செக்யூரிட்டிதான் வாங்கித் திறந்து கொடுத்தார். மிஸ்ஸுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. ஷேர் ஆட்டோவில் புதுவாயல் தாண்டும் வரை நான் என்னென்ன பார்த்தேன் என்று இங்கே எழுத மாட்டேன். என் பிள்ளையை நான் அந்த வழியில் அடக்கமே செய்துவிட்டேன்.

ஹெட்மாஸ்டர் அறைக்குள் ஓடினேன். சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். தலை, முகம், கை, கால் எல்லாம் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. “ஸ்தோத்திரம் ஆண்டவரே!” என்று வாய் விட்டுச் சொன்னேன். சொல்லிவிட்டுத் திரும்பினால் பெஞ்சில் ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருந்தான். ஆறாவதோ ஏழாவதோ இருக்கும். உதடு கிழிந்து வீங்கியிருந்தது, சட்டையெல்லாம் தண்ணீரும் ரத்தமும். பக்கத்தில் அவன் அப்பா, இரும்பு உருக்கும் கம்பெனியிலிருந்து ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடியே வந்திருந்தார். ஒடிசாக்காரர். நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்ததைக் கணக்கு மிஸ் சொன்னார். குழாயடியில் அந்தப் பையன் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். என் மகனும் கூட்டாளிகளும் வந்து, “ஏய் இந்திக்காரா, பின்னாடி போடா” என்றிருக்கிறார்கள். அவனுக்கு இந்தியும் அவ்வளவாக வராது, இங்கேயே வளர்ந்தவன். “இன்னாண்ணா, நாந்தான மொதல்ல வந்தேன்” என்று நம் பேச்சிலேயே சொல்லியிருக்கிறான். கூட்டாளிகள் சிரித்தார்கள். ஒருவன் என் மகனின் தோளில் கை போட்டு, “இன்னாடா, இந்திக்காரன் உன்னியே எதுத்துப் பேசறான்” என்றானாம். என் மகன் அந்தப் பிள்ளையின் தலையைப் பிடித்துக் குழாயில் இடித்தான். ஒரு தடவை இல்லை. மிஸ் ஓடிவந்து இழுக்கும் வரை.

அந்த அப்பா ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டுக் கை கூப்பினார். “சார், கம்ப்ளேண்ட் வேணா சார். டீசி குடுங்க. வேற ஸ்கூல் பாக்குது.” ஹெட்மாஸ்டரின் முகத்தில் நிம்மதி வந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அப்போது என் தொண்டை வரை ஒரு வார்த்தை வந்தது. ‘பசங்க வெளாட்டு சார்.’ சத்தியமாக வந்தது. இன்னும் கொஞ்ச நாளில் பொதுத்தேர்வு. விரல் கோணிப்போன கையோடு எழுதிப் பழகி, இவ்வளவு தூரம் வந்த பிள்ளை. டீசியைக் கொடுத்துவிட்டால் எல்லாம் இன்றோடு முடிந்தது, யாருக்கும் பேஜாரு இல்லை. அந்த வார்த்தையை விழுங்க எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று தெரியவில்லை.

“டீசி குடுக்காதீங்க சார்” என்றேன். “எம்புள்ள மேல கம்ப்ளேண்ட் எழுதுங்க.”

“இன்னாம்மா பேசறீங்க? பப்ளிக் எக்ஸாமு. பையன் லைப்பு.”

“அந்தப் பையனுக்கும் லைப்புதான சார்.”

என் மகன் என்னைப் பார்த்த பார்வையில் நான் அவனை விற்றுவிட்டேன் என்று இருந்தது. கணக்கு மிஸ் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். அவனுக்கு ஒரு வாரம் சஸ்பெண்ட், அதற்குப் பிறகு பெற்றவர்களோடு வர வேண்டும், கவுன்சிலிங் முடித்தால்தான் பரீட்சைக்கு உட்கார முடியும் என்றார்கள். சின்னப் பையனின் அப்பாவுக்கு எதுவும் பிடிபடவில்லை. எல்லோரையும் மாறி மாறிக் கும்பிட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஏரிக்கரை வழியாகத்தான் வீட்டுக்கு நடந்தோம். நான் வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே போனேன். “அந்தக் கொழந்த உன்ன இன்னாடா பண்ணான்? மைக்குல தெனம் படிக்கிறியே, அது இன்னா சினிமாப் பாட்டா?” மதகைத் தாண்டிய பிறகு நின்றான்.

“அன்னிக்கி அடி வாங்கனதுலேர்ந்து எனக்கு எப்பவும் பயமாவே கீதும்மா. கிளாஸ்ல, ரோட்டுல, ஊட்ல கூட” என்றான். “அவன இடிச்சிக்கினு இருந்தப்ப மட்டும் பயமே இல்ல.”

அவனைக் கட்டிக்கொள்ளவும் கை வரவில்லை. அடிக்கவும் வரவில்லை. வீடு வரைக்கும் முன்னும் பின்னுமாக நடந்தோம்.

அந்த வாரம் மிஸ்ஸுக்குத் தினமும் போன் செய்தேன். சின்னப் பையன் பள்ளிக்கு வருகிறான் என்றார். டீசி வாங்கவில்லை. ஆனால் அவனோடு அவன் அம்மாவும் வருகிறாராம். காலையில் பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு, பள்ளி விடும் வரை கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறாராம். எவ்வளவு சொன்னாலும் போக மாட்டேன் என்கிறாராம். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், அதையும் விட்டுவிட்டாராம்.

சஸ்பெண்ட் முடிந்த அன்று லீவு போட்டுவிட்டு மகனோடு பள்ளிக்குப் போனேன். அந்த அம்மாவிடம் இவனை மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டும், நானும் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அவருக்குத் தமிழ் புரியாதென்றால் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நானும் ஒரு தாய்தானே, புரியாமலா போகும்?

கேட்டுக்குப் பக்கத்தில் மதில் நிழலில் உட்கார்ந்து பிள்ளைக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். என்னைவிட வயது குறைந்தவர். நான் சிரித்துக்கொண்டே கிட்டே போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளை ஏதோ சொல்லிக் கை காட்ட, எனக்குப் பின்னால் வந்த என் மகனைப் பார்த்தார். சீப்பைப் போட்டுவிட்டு எழுந்து, பிள்ளையை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். ராத்திரி பகல் நான் சுமந்த அதே பயம். அவருக்கு அது என் மகனைப் பார்த்து வந்திருந்தது.