மூலைக்கொடிக்குப் பக்கத்து இடம்

பதினான்கு வருடம் ஸ்டெய்ன்வோரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். எங்கள் ஊர்க் கால்பந்து அணியில் அவள் தடுப்பாட்டக்காரி, நான் அவளுக்குப் பின்னால் கோல்கீப்பர். பகலில் மீன் தொழிற்சாலையிலும் எதிரெதிரேதான் நிற்போம். நான் பேசுவேன், அவள் மீனை அறுப்பாள்.

எங்கள் ஊரில் ஆட்டம் பார்க்க யாரும் காரைவிட்டு இறங்குவதில்லை. அந்தக் கடல்காற்றில் எவன் நிற்பான்? மைதானத்தைச் சுற்றி வண்டிகளை நிறுத்திவிட்டு, உள்ளே காபியும் கருவாடுமாக உட்கார்ந்திருப்பார்கள். கோல் விழுந்தால் எல்லா ஹார்னும் அலறும். கோல் விழாமல் காப்பாற்றியவளை மட்டும் ஒரு நாயும் சீண்டாது.

ஸ்டெய்ன்வோரின் அப்பா ஓர்முர் படகுக்காரர். மனைவி போன பிறகு மகளோடும் அளந்துதான் பேசுவார். மைதானத்தின் மூலைக்கொடிக்குப் பக்கத்தில் அவருடைய பச்சை ஜீப் தவறாமல் நிற்கும். ஒருநாள் அவள் கேட்டேவிட்டாள்.

“எனக்காக ஒரு தடவை ஹார்ன் அடிச்சா என்னப்பா?”

“கோல் போடு, அடிக்கிறேன். பந்தைத் தடுக்கிறதுக்கெல்லாம் யாராச்சும் ஹார்ன் அடிப்பாங்களா?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அதன்பின் கார்னர் கிடைத்தபோதெல்லாம் முன்னால் ஓடினாள். கோல் ஒன்றும் விழவில்லை.

ஒரு குளிர்காலத்தில் ஓர்முர் தூக்கத்திலேயே போய்விட்டார். அடுத்த செப்டம்பரில் அவளுடைய கடைசி ஆட்டம். அவர் இடத்தில் யாரும் வண்டி நிறுத்தவில்லை. அந்த மரியாதை எங்கள் ஊருக்குத் தெரியும். மூன்று கோல் முன்னிலையில் இருந்தபோது பெனால்டி கிடைத்தது. “நீயே அடிடீ!” என்று எல்லோரும் பந்தை அவள் கையில் திணித்தார்கள். மூலைக்கொடிப் பக்கம் பார்த்தாள். பந்தைக் கீழே வைத்துவிட்டு, அடிக்காமல் என்னிடம் நடந்து வந்தாள்.

“ஏண்டி, பைத்தியமா உனக்கு?” என்றேன்.

“யாருக்காகடி அடிக்கணும், ஹல்பெரா?”

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதற்குப் பிறகு அவள் மைதானத்துப் பக்கமே வரவில்லை. தொழிற்சாலையிலும் ஷிஃப்டை மாற்றிக்கொண்டாள்.

இந்த மே மாதம், முதல் ஆட்டத்தன்று, பச்சை ஜீப் அதே இடத்தில் நின்றது. கண்ணாடியில் ஆவி படர்ந்திருந்தது. உள்ளே ஒரே ஓர் ஆள். இரண்டாம் பாதியில் பந்து என்னைத் தாண்டிப் போய்விட, புதிதாக வந்த சுன்னேவா விழுந்து புரண்டு கோல் கோட்டின்மேலேயே அதை உதைத்துத் தள்ளினாள். வழக்கம்போல எல்லா வண்டிகளும் அமைதி.

ஒரு ஹார்ன் மட்டும் அலறியது. நீளமாக, விடாமல்.

“கோலே விழல, யாருய்யா அது?” என்று யாரோ கண்ணாடியை இறக்கிக் கத்தினார். சுன்னேவா சேற்று முகத்தோடு எழுந்து, யாருக்கு அடிக்கிறார்கள் என்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“உனக்குத்தான்டி,” என்றேன்.