வாசலில் கிடந்த செருப்பு

"அப்பா வந்துட்டாங்களாம்மா?"

பள்ளிவிட்டு வந்த மகள் பையைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள். அவள் அப்பா மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய் ஒரு மாதமாகிறது. ஆனால் எங்கள் மதுரை வீட்டு வாசலில் அவருடைய செருப்பு கிடந்தது.

நான் வளர்ந்த உசிலம்பட்டி வீட்டு வாசலிலும் இப்படி ஒரு செருப்பு கிடக்கும். போர்வெல் வண்டியோடு கேரளாவுக்குப் போன என் அப்பா, அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அம்மா விடிகாலையில் களையெடுக்கப் புறப்படும்போது அவர் விட்டுப்போன செருப்பைத் துடைத்து, இப்போதுதான் கழற்றிப் போட்டதுபோல் கொஞ்சம் கோணலாக வைப்பாள்.

வெறுங்காலோடு பள்ளிக்கு நடந்த நான் ஒருநாள் கேட்டேன்.

"ரோட்டுல காலு பொசுக்குதும்மா. அதையாவது போட்டுட்டுப் போறேனே."

"அது கெடக்கட்டும்டி. ஆம்பள இருக்குற வீடுன்னு நாலு பேரு நெனைக்கட்டும். நான் வாரதுக்குள்ள இருட்டிருது. நீயும் தம்பியும் தனியாத்தானே கெடக்கீங்க?"

ஊர் அதை நம்பியதாகத் தெரியவில்லை. நம்பியது என் தம்பிதான். காலையில் அம்மா வைப்பதைப் பார்த்திருந்தும், சாயங்காலம் தெருமுனையில் செருப்பைக் கண்டதும் என் கையை உதறிவிட்டு ஓடுவான். அடுப்படி, கொல்லை எல்லாம் தேடுவான். பிறகு அந்தப் பெரிய செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டு, அம்மா வரும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பான்.

இன்று காலை எதிர்வீட்டுக்குப் புது ஆட்கள் குடிவந்தார்கள். அலமாரியிலிருந்து அந்தச் செருப்பை எடுத்துத் துடைத்து, கோணலாக வெளியே வைத்தவள் நான்தான்.

உள்ளே மகள் ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டிருந்தாள்.