இருபது பவுன் படிப்பு

என் அக்கா படித்த படிப்பின் விலை இருபது பவுன். குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. அந்த இருபது பவுனும் என்னிடம்தான் இருக்கிறது. ஒரு ரெட்டைவடச் சங்கிலி, ஒரு ஆரம், ஆறு வளையல். கல்யாண வீடுகளுக்குப் போட்டுக்கொண்டு போவேன். "அம்மா வீட்ல போட்டதா?" என்று யாராவது தொட்டுப் பார்த்துக் கேட்டால் ஆமாம் என்பேன். அக்கா போட்டது என்று சொல்ல இந்தப் பதினெட்டு வருஷத்தில் ஒருநாளும் எனக்கு வாய் வரவில்லை.

அக்கா தஞ்சாவூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் மனித வளர்ச்சியும் குடும்பவியலும் படித்தாள். வேறு எதுவும் கிடைக்காமல் சேர்ந்த படிப்பு என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். அவள் கேட்டு வாங்கிச் சேர்ந்த படிப்பு அது. அப்பாவுக்குப் பாபநாசம் பக்கம் ஐந்து ஏக்கர் நிலம். டீக்கடையில் அவரைச் சீண்டுவதற்கு அந்தப் படிப்பு ரொம்ப வசதியாக இருந்தது. "குடும்பம் நடத்தறதுக்குமா காலேஜு? எங்க வீட்டுல எட்டாவது பெயிலானவ முப்பது வருஷமா நடத்திக்கிட்டிருக்கா" என்பார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்து சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இந்தப் படிப்புக்கு என்னதாம்மா வேலை கெடைக்கும்?" என்று கேட்பார். அக்கா பொறுமையாகச் சொல்வாள். எந்த மாதத்தில் குழந்தைக்குத் தலை நிற்க வேண்டும், ஒரு பிள்ளை ஏன் முகம் பார்க்க மறுக்கிறது, பேச்சு வராத பிள்ளைக்கு எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று அவள் சொல்வதை அப்பா கவனமாகக் கேட்பார். முடிவில் மறுபடியும், "அது சரிம்மா, வேலை?" என்பார்.

வேலையும் கிடைத்தது. கடைசி வருஷம் அவள் பயிற்சிக்குப் போன இடத்தில் யாரோ சொல்லி, நாகப்பட்டினத்தில் ஒரு சிறப்புக் குழந்தைகள் மையத்திலிருந்து கடிதம் வந்தது. சம்பளம் மாதம் ஆறாயிரம். அக்கா அதை எத்தனை முறை படித்தாள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் படிக்கும்போதெல்லாம் என்னையும் படிக்க வைத்தாள். அதே வாரத்தில்தான் சீர்காழியிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்தத்தில் உரக்கடை, ஊருக்கு வெளியே நஞ்சை.

பெண் பார்க்க வந்த அன்று வேனிலிருந்து எல்லோரும் இறங்கிய பிறகும் ஒரு சிறுமி இறங்கவில்லை. மாப்பிள்ளையின் கடைசித் தங்கை, பத்து வயது. எல்லோரும் பாப்பா என்றார்கள். ஒருவழியாகத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார வைத்ததும் கேசரித் தூக்கின் மூடியை எடுத்துத் தரையில் சுழலவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு எதையும், யாரையும் பார்க்கவில்லை. "அவ கொஞ்சம் லேட்டுங்க. பேசிருவா" என்றார் அவளுடைய அம்மா. காபித் தட்டோடு வந்த அக்கா தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்தாள். இன்னொரு மூடியை எடுத்துப் பக்கத்தில் சுழலவிட்டாள். பாப்பா முதலில் மூடியைப் பார்த்தாள், பிறகு அக்காவின் கையை, பிறகு ஒரே ஒரு கணம் அக்காவின் முகத்தை. அந்த அம்மாள் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது அது அழகாக இருந்தது. அது நேர்காணல் என்றும், அக்கா அதில் தேறிவிட்டாள் என்றும் எனக்குப் புரியப் பல வருஷம் ஆனது.

அப்பா நாற்பது பவுனுக்குத் தயாராக இருந்தார். அவர்கள் இருபது போதும் என்றார்கள். "பொண்ணு படிச்ச படிப்பே எங்களுக்குப் பெரிய சீருங்க" என்றார் அந்த அம்மாள். கூட்டுறவு வங்கிக் கடன் தள்ளுபடியானபோதுகூட அப்பா முகத்தில் அப்படி ஒரு களையை நான் கண்டதில்லை. அதே டீக்கடைக்குப் போய், மகள் படிப்புக்கு இருபது பவுன் தள்ளுபடி என்று சொல்லிவிட்டு வந்தார். படிப்பை மதிக்கிற குடும்பம் என்று கடைசிவரை நம்பினார். அந்தப் பெருமையோடேயே போய்ச் சேர்ந்தார்.

சீர் பேசி முடித்த அன்று சாயங்காலம் கொல்லையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அக்கா என்னிடம் சொன்னாள். "அந்தப் புள்ளையப் பாத்துக்கத்தான்டி என்னைக் கேக்கறாங்க. அப்பாகிட்ட நீ சொல்லு. நான் சொன்னா வேலைக்குப் போற ஆசையில சொல்றேன்னு நெனச்சுக்குவாரு." நான் தலையாட்டினேன். உள்ளே போனேன். அம்மா அப்பாவிடம், "மிச்சம் இருபதும் சின்னவளுக்கு ஆச்சுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சின்னவள் நான்தான். நின்று கேட்டேன். பிறகு தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து, சொல்லிவிட்டேன், அப்பா கேட்கவில்லை என்று அக்காவிடம் பொய் சொன்னேன். இதை இன்றுவரை யாரிடமும் நான் ஒப்புக்கொண்டதில்லை.

சிதம்பரத்திலிருந்து வாரம் இரண்டு நாள் வந்து பாப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சரைக் கல்யாணம் ஆன மாதமே நிறுத்திவிட்டார்கள். நாகப்பட்டினத்து வேலையைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை. அக்கா பாப்பாவைக் கழிப்பறைக்குப் பழக்கினாள், தானே சாப்பிடப் பழக்கினாள், கூட்டத்தில் காதைப் பொத்திக்கொண்டு அலறாமல் இருக்கப் பழக்கினாள். நடுவில் அக்காவுக்கும் ஒரு மகன் பிறந்தான். அவனைப் பெரும்பாலும் எங்கள் அம்மாதான் வளர்த்தாள். பாப்பாவின் பதின்மூன்றாவது வயதில், இலையில் மறுபடியும் சோறு வைக்கப் போனபோது, அவள் வாயிலிருந்து முதல் வார்த்தை வந்தது. "போதும்." மாமியார் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டிருந்தாராம். மறுவாரமே குடும்பத்தோடு போய் வெள்ளியில் நாக்கு உரு வாங்கிக் காணிக்கை போட்டுவிட்டு வந்தார். மாதாவின் மகிமையை ஊரெல்லாம் சொன்னார். அக்காவுக்கு ஒரு பாட்டில் கோயில் எண்ணெய் வாங்கிக் கொடுத்தார். எனக்கு மாதாவின் மேல் ஒரு வருத்தமும் இல்லை. மூன்று வருஷம் எதிரே உட்கார்ந்து ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னவள் யார் என்று மாதாவுக்காவது தெரிந்திருக்கும்.

அக்காவின் கணவர் நல்லவர். நல்லவராக இருப்பதைத் தவிர வேறு எதுவும் செய்யாதவர்.

இந்த வருஷ ஆரம்பத்தில் மயிலாடுதுறையில் சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு பயிற்சி மையம் திறந்தார்கள். ஆள் தேவை என்ற அறிவிப்பை அக்காவே பார்த்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். சம்பளம் பதினெட்டாயிரம். அவளுக்கு நாற்பது வயது. "போயிட்டு வரலாம்னு இருக்குடி. பஸ்ஸுல ஒரு மணி நேரந்தான்" என்றபோது அவள் குரல் அந்தப் பழைய கடிதத்தைப் படித்த குரலாகவே இருந்தது. மையத்தில் பட்டம் சரி என்றார்கள், குறைந்தது மூன்று வருஷ அனுபவம் வேண்டும் என்றார்கள். பதினெட்டு வருஷம் இருக்கிறது என்றாள் அக்கா. எந்த நிறுவனத்தில் என்று கேட்டார்கள். அவள் விளக்கியதைக் கேட்டு அந்தப் பொறுப்பாளருக்கே மனசு இளகியிருக்க வேண்டும். அந்தப் பிள்ளையின் பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று கொண்டுவந்தால் மேலே கேட்டுப் பார்க்கிறேன் என்றாராம். அக்காவின் மாமனார் எப்போதோ தவறிவிட்டார். கையெழுத்துப் போட மாமியார்தான் உண்டு.

நான் அரசு அலுவலகத்தில் எழுத்தர். கடிதம் எழுதுவது என் பிழைப்பு. ஒரு சனிக்கிழமை சீர்காழிக்குப் போய், கூடத்தில் உட்கார்ந்து, பாப்பா எந்த வயதில் என்னென்ன கற்றாள் என்று வரிசையாக எழுதி, கீழே "இப்படிக்கு" என்று போட்டு இடம் விட்டு, மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். அவர் முழுவதும் கேட்டார்.

"எல்லாம் சரிதாம்மா. இவ போயிட்டா பாப்பாவ யாரு பாக்கறது?"

"பாப்பாவே இப்ப தன் வேலையெல்லாம் பாத்துக்குதேங்க" என்றேன்.

"மருமக வீட்டுல செய்யறதுக்கெல்லாம் சர்ட்டிபிகேட்டு குடுக்கறதுன்னா, அம்பது வருஷமா இந்த அடுப்புல வெந்தேனே, எனக்கு யாரும்மா குடுத்தா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்ததுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது. கடிதத்தைத் தள்ளி வைத்துவிட்டு அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாப்பா பக்கத்தில் கடை ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருபத்தெட்டு வயது. "இப்படிக்கு" என்ற சொல்லின் கீழே வெற்றிடம் இருந்தால் கையெழுத்துப் போட வேண்டும் என்று அக்கா அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அவள் காகிதத்தை இழுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் முழுப் பெயரையும் எழுதினாள். ஒரு புள்ளி தவறவில்லை. அந்தக் கடிதத்தில் நான் எழுதியிருந்த அத்தனைக்கும் அதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, அலுவலகத்தில் நாளுக்குப் பத்துப் பேரிடம் சொல்கிற அதே குரலில், "இது செல்லாதுக்கா" என்றேன்.

அக்கா பாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "தேதி போடலியே பாப்பா" என்றாள்.

அந்த வேலைக்கு இப்போதுதான் படிப்பை முடித்து, எங்கேயோ மூன்று வருஷம் இருந்ததாகச் சான்று வைத்திருந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். நல்ல பெண்ணாம். அந்தப் பொறுப்பாளர் அக்காவின் எண்ணை அவளிடம் கொடுத்திருக்கிறார். புரியாத பிள்ளை யாராவது வந்தால் உடனே அக்காவைக் கூப்பிடுகிறாள். போன வாரம் நான் அங்கே இருந்தபோதும் கூப்பிட்டாள். அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கீரை ஆய்ந்துகொண்டே முக்கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்தாள். போனை வைக்கும்போது அந்தப் பெண் கேட்டாள்.

"ரொம்ப தேங்க்ஸ்க்கா. ஆமா, நீங்க எந்த சென்டர்ல வேலை பாக்குறீங்க?"

"நான் வேலைக்கெல்லாம் போகலம்மா" என்றாள் அக்கா. "வீட்டுல சும்மாதான் இருக்கேன்."